ராக்கெட்டுக்குத் தலைக்கனம் வேண்டும்: பிள்ளைகளோடு நீர் ராக்கெட் செய்யும் முறை

எங்கள் முதல் ராக்கெட் ஒரு தென்னை மர உயரத்தைக்கூட எட்டவில்லை. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நாங்கள் குடியிருக்கும் தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) திடலில், சனிக்கிழமை தோறும் என்னிடம் வரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேர் சுற்றி நிற்க, அது நிமிர்ந்து கிளம்பி, எட்டு மீட்டர் உயரத்தில் குட்டிக்கரணம் அடித்து, பக்கவாட்டில் சுழன்றுகொண்டே போய்ச் சாக்கடையில் விழுந்தது. "காத்து பத்தல ஐயா, இன்னும் அடிக்கணும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் அதை நம்பி, அடுத்த முறை தக்கையை இன்னும் இறுக்கமாக அடைத்துக் காற்றடித்தேன். ராக்கெட் முன்னைவிட வேகமாகக் குட்டிக்கரணம் அடித்தது.

குறை காற்றில் இல்லை, தலையில் இருந்தது என்பதை உணர எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களை உங்களுக்கு மிச்சப்படுத்துவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இதில் சொல்லப்படுவது 1.5 லிட்டர் போத்தல், தண்ணீர், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் நீர் ராக்கெட். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இதன் பெரும்பகுதியைத் தாங்களே செய்துவிடுவார்கள்; கத்தியும் பம்பும் மட்டும் பெரியவர் கையில் இருக்க வேண்டும். தீபாவளி ராக்கெட் வாணத்தைப் பிரித்து அதன் மருந்தை எடுக்கலாமா என்று ஒரு பையன் கேட்டான். கூடவே கூடாது. மலேசியாவில் 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, வெடிமருந்தைக் கையால் அடைத்து விரல்களை இழந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தண்ணீரிலும் காற்றிலும் கற்றுக்கொள்ள வேண்டியவை ஏராளமாக இருக்கையில், நெருப்பின் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை.

முதலில் ஒரு பலூன்

போத்தலைத் தொடுவதற்கு முன், பத்து நிமிடத்தைப் பலூனுக்கு ஒதுக்குங்கள். அறையின் ஒரு சன்னல் கம்பியிலிருந்து மறு சுவர் வரை மீன் பிடிக்கும் நரம்பை இழுத்துக் கட்டி, அதில் ஓர் உறிஞ்சுகுழாயைக் கோத்து, ஊதிய பலூனை அந்தக் குழாயின் அடியில் டேப்பால் ஒட்டி, வாயை விடுங்கள். காற்று பின்னால் போகிறது, பலூன் முன்னால் ஓடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பற்றி இதற்குமேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. வெளியேறும் காற்று பின்னால் உள்ள சுவரைத் தள்ளுவதால்தான் பலூன் ஓடுகிறது என்று யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் சொல்லும். அப்போது மட்டும், சுவரே இல்லாத விண்வெளியில் ராக்கெட் எப்படிப் போகிறது என்று திருப்பிக் கேட்டுவிட்டு, பதிலுக்குச் சற்றுக் காத்திருங்கள்.

தண்ணீர் எதற்கு

காற்றை மட்டும் அடைத்து ஒரு போத்தலை ஏவினால் அது "டப்" என்ற ஓசையோடு சில மீட்டர் தாவி விழுந்துவிடும். ராக்கெட்டை முன்னே தள்ளுவது, பின்னே எவ்வளவு நிறை எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதுதான். காற்று வேகமாக வெளியேறினாலும் அதன் நிறை மிகக் குறைவு. தண்ணீரோ சாதாரணக் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்ந்தது. ஆகவே அடைக்கப்பட்ட காற்று இங்கே ஒரு சுருள்வில்லைப் போல வேலை செய்கிறது, தண்ணீர் அந்த வில் எறியும் பொருளாகிறது.

எண்களாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும். குளிர்பானப் போத்தலின் வாய் உள்ளே ஏறத்தாழ 22 மி.மீ. விட்டம் கொண்டது. உள்ளே 2 பார், அதாவது ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்கும்போது தக்கை விடுபட்டால், தண்ணீர் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பீய்ச்சி அடிக்கிறது. தொடக்கத்தில் கிடைக்கும் உந்துவிசை ஏறத்தாழ 150 நியூட்டன், அதாவது 15 கிலோ அரிசி மூட்டையைத் தாங்கும் அளவு. தண்ணீரோடு சேர்த்து முக்கால் கிலோகூட இல்லாத ஒரு பொருளின்மேல் இந்த விசை செயல்படுகிறது. அரை லிட்டர் தண்ணீரும் பத்தில் ஒரு வினாடிக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் ராக்கெட்டுக்கு இயந்திரம் என்று எதுவும் கிடையாது. எறியப்பட்ட கல்லைப் போலத்தான் மேலே போகிறது. அது நேராகப் போகுமா, புரளுமா என்பதை முடிவுசெய்வது அதன் வடிவம் மட்டுமே.

போத்தலைத் தேர்ந்தெடுத்தல்

வாயு அடைத்த பானங்களின் போத்தல் மட்டுமே இதற்கு ஆகும். கோக், 100 பிளஸ் போன்றவற்றின் 1.5 லிட்டர் போத்தல்கள் உள்ளழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே உருண்டையாகவும் வழவழப்பாகவும் செய்யப்படுகின்றன. மினரல் வாட்டர் போத்தல் மெல்லியது. அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை: தைப்பூசம் முடிந்த மறுநாள், தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் தண்ணீர்ப் பந்தல் நடத்திய யாரையாவது கேளுங்கள். ஒரு வகுப்பு முழுவதற்கும் போதுமான காலிப் போத்தல்களைச் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு ராக்கெட்டுக்கு மூன்று போத்தல்கள் தேவை. ஒன்று அழுத்தத்தைத் தாங்கும் உடல். மற்ற இரண்டையும் வெட்டி, மூக்குக்கும் வால்பகுதிக்கும் பயன்படுத்த வேண்டும். உடலாகும் போத்தலின்மேல் கத்தி படக்கூடாது, உப்புத்தாள் படக்கூடாது, சூடான பசைத் துப்பாக்கியும் படக்கூடாது. இவ்வகை நெகிழி ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். சூடான பசையின் ஒரு சொட்டு விழுந்த இடம் பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் அங்கே சுவர் பலவீனமாகிவிட்டிருக்கும். அதே காரணத்தால், செய்து முடித்த ராக்கெட்டை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வால்சிறகுகள்

பிள்ளைகள் இவற்றை இறக்கை என்று சொல்வார்கள். நான் ஒவ்வொரு முறையும் திருத்துவேன். இவை பறவையின் இறக்கையைப் போல ராக்கெட்டைத் தூக்குவதில்லை, அம்பின் வாலில் கட்டிய இறகைப் போல அதைத் திசை தவறாமல் வைத்திருக்கின்றன. சொல் தவறினால் வடிவமும் தவறிவிடுகிறது: இறக்கை என்று நினைக்கும் பிள்ளை அதை விமானத்தில் இருப்பதுபோல நடுவயிற்றில் ஒட்டிவிடும்.

விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும், உள்ளே வரிவரியாகக் கூடுகள் உள்ள நெகிழி அட்டை இதற்கு மிகவும் ஏற்றது. பதாகை அச்சிடும் கடைகளில் வெட்டி எஞ்சிய துண்டுகள் எப்போதும் கிடக்கும். அட்டையின் வரிகள் உடலிலிருந்து வெளிப்புறமாக ஓடும்படி வெட்ட வேண்டும். வரிகள் உடலுக்கு இணையாக ஓடினால் சிறகு ஏவும்போதே மடங்கிவிடும். மூன்று சிறகுகள் போதும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதுபோல, மூன்று சிறகுள்ள ராக்கெட்டும் தானே நிற்கும். ஒவ்வொரு சிறகும் உடலோடு ஒட்டும் விளிம்பு 12 செ.மீ., வெளியே நீளும் அகலம் 7 செ.மீ. இருக்கட்டும், கீழ்முனை போத்தலின் வாயைத் தாண்டி இன்னும் 4 செ.மீ. இறங்கும்படி பின்னோக்கிச் சாய்த்து வெட்டுங்கள். அந்த நான்கு சென்டிமீட்டர்தான் பிறகு ராக்கெட்டின் கால்களாகப் பயன்படும்.

சிறகுகளை உடலில் நேரடியாக ஒட்டாமல் இருப்பது நல்லது. இரண்டாவது போத்தலின் நடுப்பகுதியை 14 செ.மீ. உயரத்தில் வளையமாக வெட்டி, அதை நீளவாக்கில் ஒரு பக்கம் கீறிவிட்டால், முதல் போத்தலின்மேல் ஒரு சட்டையைப் போல மாட்டலாம். சிறகின் ஒட்டும் விளிம்பில் 2 செ.மீ. ஆழத்துக்கு வரிகளையொட்டி நான்கு இடங்களில் வெட்டி, கிடைக்கும் நாக்குகளை ஒன்று இடமும் ஒன்று வலமுமாக மடித்து, அந்தச் சட்டையின்மேல் இருபக்கப் பசை டேப்பால் ஒட்டி, மேலே துணி டேப்பால் சுற்றுங்கள். (இந்த 2 செ.மீ. முன்சொன்ன 7 செ.மீ.க்கு மேற்பட்டது, வரையும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.) மூன்றும் 120 பாகை இடைவெளியில் அமைய, போத்தலைச் சுற்றி ஒரு தாள் நாடாவைச் சுற்றி, சுற்றளவைக் குறித்து, அதை மூன்றாக மடித்துக்கொண்டால் போதும், கோணமானி தேவையில்லை. இப்படிச் சட்டையாகச் செய்வதில் இன்னொரு வசதியும் உண்டு: உடல் போத்தல் பழுதானால் சட்டையைக் கழற்றிப் புதிய போத்தலுக்கு மாட்டிவிடலாம்.

மூக்கு

மூன்றாவது போத்தலின் மேற்பகுதியை, தோள்பட்டை முடியும் இடத்தில் வெட்டி, கடினமான வாய்ப்பகுதியையும் வெட்டி நீக்கிவிட்டால் ஒரு புனல் கிடைக்கும். உடல் போத்தலின் அடிப்பக்கத்தில், அதாவது பறக்கும்போது மேலே இருக்கும் பக்கத்தில், மூக்காக அமர்வது இதுதான். அந்தத் துளையின்மேல் பாதியாக வெட்டிய பழைய டென்னிஸ் பந்தைக் கவிழ்த்து டேப்பால் ஒட்டுங்கள். உள்ளே, பந்தின் குழியில், பிள்ளைகள் உருவம் செய்து விளையாடும் களிமண்ணை அழுத்தி வைக்க வேண்டும். எவ்வளவு என்பதை அடுத்த பகுதி சொல்லும். ஆணி, நாணயம், கூழாங்கல் எதையும் எடைக்காக வைக்காதீர்கள். இருபது மீட்டர் உயரத்திலிருந்து மூக்கு கீழாக விழும் ராக்கெட் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 60 கி.மீ. வேகத்தில் வருகிறது. அந்த வேகத்தில் ஒரு குழந்தையின் தலைக்கு மேல் வரக்கூடியது பந்தும் களிமண்ணுமாக மட்டுமே இருக்க வேண்டும்.

தலைக்கனம் எவ்வளவு

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது; மற்றவற்றில் அவசரப்பட்டாலும் இதில் நிதானமாக இருங்கள்.

காற்றில் பறக்கும் எந்தப் பொருளும் தன் நிறைமையத்தை, அதாவது எடை இருபக்கமும் சமன்படும் புள்ளியை, சுற்றித்தான் திரும்பும். ராக்கெட் சற்றே சாய்ந்துவிட்டால், எதிரே வரும் காற்று அதன் பக்கவாட்டில் மோதுகிறது. அந்த மோதல் முழுவதும் ஒரே புள்ளியில் விழுவதாக வைத்துக்கொண்டால் அதைக் காற்றழுத்த மையம் எனலாம். இந்தப் புள்ளி நிறைமையத்துக்குப் பின்னால், வால் பக்கம் இருந்தால், காற்று வாலைத் தள்ளி ராக்கெட்டை மீண்டும் நேராக்கிவிடும். முன்னால் இருந்தால், சாய்ந்ததை மேலும் சாய்த்துக் கவிழ்த்துவிடும். எங்கள் முதல் ராக்கெட்டில் சிறகுகள் உள்ளங்கை அளவுகூட இல்லை, மூக்கில் எடையும் இல்லை. இரு மையங்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருந்தன. அதனால்தான் அழுத்தத்தைக் கூட்டியபோது அது இன்னும் விரைவாகக் கவிழ்ந்தது.

எடையைத் தலையில் வைப்பது பலருக்கு உறுத்தலாக இருக்கும். கீழே கனமாக இருந்தால்தானே எதுவும் நிமிர்ந்து நிற்கும் என்று, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் பொம்மைக்குத் தரை இருக்கிறது, ராக்கெட்டுக்கு இல்லை. இதே போன்ற ஓர் உள்ளுணர்வு பெரியவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1926 மார்ச் 16 அன்று ராபர்ட் கோடார்டு உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவியபோது, இயந்திரத்தை உச்சியில் வைத்து எரிபொருள் கலன்களை அதன் அடியில் அமைத்திருந்தார். மேலிருந்து இழுத்தால் ஊசலைப் போல நேராகத் தொங்கிக்கொண்டு போகும் என்பது எண்ணம். அது 12.5 மீட்டர் உயரம் எழுந்து இரண்டரை வினாடிகளில் விழுந்தது. ராக்கெட் சாயும்போது இயந்திரமும் சேர்ந்து சாய்வதால், அது இழுக்கும் திசையும் சாய்ந்துவிடுகிறது. ஊசலின் பலன் கிடைப்பதில்லை. பிறகு அவரும் இயந்திரத்தைக் கீழே கொண்டுவந்துவிட்டார்.

இரண்டு மையங்களையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க முடியும். நிறைமையத்துக்கு, தண்ணீர் ஊற்றாத ராக்கெட்டை ஒரு விரல்மேல் கிடையாக வைத்து, எந்தப் பக்கமும் சரியாமல் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். காற்றழுத்த மையத்துக்கு, ராக்கெட்டை ஒரு பெரிய அட்டையின்மேல் படுக்கவைத்து, இரு சிறகுகள் இருபக்கமும் விரிந்திருக்கும்படி திருப்பி, அதன் வெளிக்கோட்டை வரைந்து வெட்டுங்கள். பழைய குளிர்பதனப் பெட்டி வந்த அட்டை இதற்கு நல்லது. வெட்டிய நிழலுருவத்தை அதேபோல் விரல்மேல் நிறுத்திப் பார்த்தால், அது சமநிலையில் நிற்கும் இடம்தான் காற்றழுத்த மையத்தின் தோராயமான இடம். இது துல்லியமான கணக்கு இல்லை. ஆனால் தவறினாலும் பாதுகாப்பான பக்கமாகவே தவறும் முறை என்பதால் பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

இரு குறிகளுக்கும் இடையில் குறைந்தது ஒரு போத்தல் விட்டம், அதாவது ஏறத்தாழ 9 செ.மீ. இருக்க வேண்டும், நிறைமையம் மூக்குப் பக்கம் இருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது ராக்கெட்டில், மூக்கின் நுனியிலிருந்து அளந்தபோது, காற்றழுத்த மையம் 29 செ.மீ. தொலைவிலும் நிறைமையம் 24 செ.மீ. தொலைவிலும் இருந்தன. ஐந்து சென்டிமீட்டர் போதாது. மூக்கில் 40 கிராம் களிமண்ணை அழுத்தியதும் நிறைமையம் 19 செ.மீ.க்கு ஏறிவிட்டது. ராக்கெட்டின் மொத்த எடை 120 கிராமிலிருந்து 160 கிராம் ஆனது. எடை கூடினால் உயரம் குறையாதா என்று ஒரு சிறுமி கேட்டாள், நியாயமான கேள்வி. அளவுக்கு மீறினால் குறையும். ஆனால் புரளும் ராக்கெட் காற்றில் இழக்கும் உயரத்தோடு ஒப்பிட்டால் நாற்பது கிராம் ஒரு பொருட்டே இல்லை.

திடலுக்குப் போகும் முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. நிறைமையக் குறியில் நூலைச் சுற்றிக் கட்டி, டேப்பால் நகராமல் ஒட்டி, இரண்டு மீட்டர் நூலில் ராக்கெட்டைத் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னே போக, வால் பின்தொடர்ந்தால் அது பறக்கத் தகுதி பெற்றுவிட்டது. குறுக்காகவோ வால் முன்னாகவோ சுழன்றால், களிமண்ணைச் சிறிது கூட்டுங்கள் அல்லது சிறகைப் பெரிதாக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள்.

ஏவுதளம்

நம் ஊர் ஒட்டுக்கடைகளில் உட்காரும் சிவப்பு நெகிழி முக்காலியைவிடச் சிறந்த ஏவுதளத்தை நான் பார்த்ததில்லை. அதன் இருக்கையின் நடுவில் ஏற்கெனவே ஒரு துளை இருக்கும். அதை 4 செ.மீ. அகலத்துக்குப் பெரிதாக்கிவிட்டால், ராக்கெட் தன் மூன்று சிறகுகளில் இருக்கையின்மேல் நிற்க, தக்கையும் குழாயும் துளை வழியாகக் கீழே இறங்கிவிடும்.

தக்கை இறுக்கமாகவும் சீராகவும் இருக்க வேண்டும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் ரப்பர் அடைப்பான் நல்லது. மரத்தக்கையைத் தேய்த்தும் பொருத்தலாம். பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைத் தக்கையின் நடுவே செலுத்துங்கள். ஊசியின் துளை மறுபக்கம் முழுவதும் வெளியே தெரிய வேண்டும். தக்கை நீளமாக இருந்தால் துளை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்போது பம்பை எவ்வளவு அழுத்தினாலும் காற்று போகாது, பம்ப் கெட்டுவிட்டதென்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள். நான் போனேன். தக்கையை 2.5 செ.மீ. நீளத்துக்கு வெட்டியதும் பிரச்சினை தீர்ந்தது.

பம்பை ஊசியில் நேரடியாக மாட்டினால் காற்றடிப்பவர் ராக்கெட்டின் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். அது கூடாது. ஹார்ட்வேர் கடையில் 8 மி.மீ. உள்விட்டமுள்ள காற்றழுத்தக் குழாயை 5 மீட்டர் வாங்கி, ஒரு முனையில் ஊசியின் திருகுப் பகுதியையும் மறுமுனையில் பழைய ட்யூபிலிருந்து வெட்டியெடுத்த வால்வையும் நுழைத்து, இரண்டையும் உலோகப் பட்டையால் இறுக்குங்கள். வால்வின் உள்ளே திருகியிருக்கும் சிறு ஊசியைக் கழற்றி எடுத்துவிடுவது மிக முக்கியம். அது இல்லாவிட்டால், பம்பின் தலையைக் கழற்றிய உடனே காற்றெல்லாம் இந்தப் பக்கமாகவே வெளியேறிவிடும். ஏதாவது கோளாறு என்றால் ராக்கெட்டின் அருகே போகாமல் ஐந்து மீட்டர் தள்ளியிருந்தே அதைச் செயலிழக்கச் செய்துவிடலாம். அழுத்தமானி உள்ள பம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல்முறை காற்றடிக்கும் முன், உடல் போத்தலைக் கழுத்துவரை தண்ணீரால் நிரப்பி, தக்கையை அடைத்து, 2 பார் வரை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சுருங்காது என்பதால் அதில் ஆற்றல் அதிகம் சேர்வதில்லை. போத்தலில் கோளாறு இருந்தால் வெடிக்காமல் கசிந்துவிடும்.

திடலில்

அக்கம்பக்கத்தில் வீடுகளும் கார்களும் இல்லாத, ஒரு கால்பந்துத் திடல் அளவுள்ள இடம் வேண்டும். பள்ளித் திடல் என்றால் தலைமையாசிரியரிடமும், பொதுத் திடல் என்றால் நகராண்மைக் கழகத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஜார்ஜ் டவுன் எஸ்பிளனேட் திடல் பார்ப்பதற்கு ஆசையைத் தூண்டும். ஆனால் அங்கே நடமாட்டம் அதிகம், கடலும் பக்கத்திலேயே இருக்கிறது. பாயான் லெப்பாஸ் பக்கம் இருப்பவர்கள் விமான நிலையத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரைதான் நல்ல நேரம்; அதன்பின் கடற்காற்று எழும்பி, முக்காலிமேல் நிற்கும் ராக்கெட்டை ஆட்டத் தொடங்கிவிடும். பிற்பகலில் எங்கோ ஓர் இடி முழங்கினாலும் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிடுங்கள்; திறந்த திடலில் நிற்கக்கூடாது.

ராக்கெட்டில் அரை லிட்டர், அதாவது போத்தலின் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே தக்கையைச் சற்று நனைத்து, திருகியபடி அடைக்க வேண்டும். கையால் திருகி எடுக்க முடியும் அளவுக்கு மட்டுமே இறுக்குங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். நிமிர்த்தி முக்காலியில் நிறுத்திவிட்டு எல்லாரும் விலகுங்கள். காற்றடிப்பவர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து ஐந்து மீட்டர் தொலைவிலும், பிள்ளைகள் பதினைந்து மீட்டர் தொலைவிலும் நிற்க வேண்டும்.

இங்கே பிள்ளைகளுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. தொலைக்காட்சியில் பார்ப்பதுபோல் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ண முடியாது, ஏனென்றால் தக்கை எப்போது பிடியை விடும் என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் அதற்குப் பதிலாகப் பம்பின் ஒவ்வோர் அழுத்தலையும் எண்ணத் தொடங்கினார்கள். "பதினாலு, பதினஞ்சு" என்று குரல் தாழ்ந்துகொண்டே போய், பதினாறில் "டும்" என்று ஒலித்ததும் ஒன்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். காற்றடிக்கத் தொடங்கியபின் எக்காரணம் கொண்டும் யாரும் ராக்கெட்டின் அருகே போகக்கூடாது. முள் 4 பாரை, அதாவது 60 பி.எஸ்.ஐ.யைத் தொட்டும் தக்கை விடவில்லையென்றால், நிறுத்திவிட்டுப் பம்பின் தலையைக் கழற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். தக்கையைத் தளர்த்தி மறுபடி தொடங்கலாம்.

உயரத்தை அளத்தல்

ஏவுதளத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். கையில் பள்ளிக் கோணமானி; அதன் மையத்தில் கட்டிய நூலில் ஒரு மரையாணியின் தலைப்பகுதி தொங்கட்டும். கோணமானியின் நேர்விளிம்பு வழியாக ராக்கெட்டின் உச்சியைப் பார்த்த நொடியில் நூலைக் கோணமானியோடு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நூல் காட்டும் பாகையை 90இலிருந்து கழித்தால் ஏறுகோணம் கிடைக்கும். 18 பாகை என்றால் 10 மீட்டர், 27 என்றால் 15, 34 என்றால் 20, 40 என்றால் 25, 45 என்றால் 30 மீட்டர். இதோடு பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு முக்கோணவியல் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அளக்கத் தொடங்கியபின்தான் பிள்ளைகள் உண்மையில் வடிவமைக்கத் தொடங்குகிறார்கள். தண்ணீரின் அளவை மட்டும் மாற்றி மூன்று முறை ஏவினோம்: 250 மி.லி. ஊற்றியபோது 17 மீட்டர், 500 மி.லி. ஊற்றியபோது 21 மீட்டர், 750 மி.லி. ஊற்றியபோது 14 மீட்டர். தண்ணீர் கூடினால் எறியப்படும் நிறை கூடுகிறது, ஆனால் அதைத் தள்ளும் காற்றுக்கு இடம் குறைகிறது என்பதை ஒரு பையன் பலகையில் வரைந்து மற்றவர்களுக்கு விளக்கினான். ஒவ்வொரு முறையும் தக்கை எந்த அழுத்தத்தில் விட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், 1.8 பாரில் கிளம்பியதையும் 2.4 பாரில் கிளம்பியதையும் ஒப்பிட்டுத் தண்ணீரைக் குறை சொல்வதில் பொருளில்லை. இந்தத் தக்கைச் சிக்கல் பொறுக்க முடியாமல் போகும்போது, தோட்டக் குழாய்களில் பயன்படும் விரைவு இணைப்பியைக் கயிற்றால் இழுத்து விடுவிக்கும் ஏவுதளத்துக்கு மாறலாம். அப்போது பிள்ளைகள் ஆசைப்பட்டபடி பத்திலிருந்து எண்ணவும் முடியும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் குழாயைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே இறங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் பம்புக்குள் துரு ஏறியிருக்கும். போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்காவது மடிப்பு விழுந்தோ வெண்மை படர்ந்தோ இருந்தால், அல்லது பத்து முறை ஏவியாகிவிட்டது என்றால், சட்டையையும் மூக்கையும் கழற்றிவிட்டு அதை மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஒவ்வோர் ஏவலுக்கும் போத்தலின் அடியில் அழியாத மையால் ஒரு கோடு போடுகிறார்கள். பத்தாவது கோட்டைப் போடும் உரிமை யாருக்கு என்பதில்தான் இப்போது சண்டை.